சக்கரம் வைத்த பீரோக்கள்

காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிய வெள்ளைச்சுவர், வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசல் தூணில் இருந்த எண்ணைப் பார்த்தார். எண் சரியாகத்தான் இருந்தது. அது எந்த அளவில் இருக்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்ததே அவர்தான். வீட்டைத்தான் அடையாளம் தெரியவில்லை. தெருவைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் உட்காரும் இடம், சாப்பாட்டு மேசை, சமையல் மேடை எல்லாவற்றையும் தாண்டிப் பின்பக்கத்து மரம்வரை கண் தடையில்லாமல் ஓட வேண்டும். இப்போது ஓடவில்லை. நட்ட நடுவில் இரண்டு இரும்பு பீரோக்கள் தோளோடு தோள் ஒட்டி, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே கம்பி கட்டி, பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கா வீட்டைக் காலி செய்கிறாள், தன்னிடம் சொல்லவில்லை என்றுதான் முதலில் நினைத்தார்.

வெள்ளைச்சுவர் என்பது மாணவர்கள் வைத்த பெயர். கட்டடக்கலைக் கல்லூரியில் நவீன இயக்கங்களைப் பற்றிப் பாடம் எடுப்பார். பாடம் என்றா அதைச் சொல்வது, சாமி வந்தவர் மாதிரி ஆடுவார். சுவரில் பூவும் கொடியும் செதுக்குவது உழைப்பை வீணடிப்பது என்று ஒரு கூட்டம் கிளம்பியதையும், உபயோகம் முன்னால் போகட்டும், உருவம் அதன் பின்னால் வந்து சேரும் என்று இன்னொரு கூட்டம் சொன்னதையும், கான்கிரீட்டுக்குச் சாயம் பூசாதே, பலகை அடித்த தழும்போடு விட்டுவிடு, அதுதான் நேர்மை என்று மற்றொன்று மல்லுக்கு நின்றதையும், கடைசியில் இவர்கள் எல்லோரையும் கேலி செய்துகொண்டு ஒரு கூட்டம் வந்து எதையும் தாங்காத தூணையும் எங்கும் திறக்காத வளைவையும் வேடிக்கைக்காக ஒட்டவைத்ததையும், ஏதோ நேற்று நடந்த பங்காளிச் சண்டையைப் போல விவரிப்பார். தன் கட்சி எது என்பதில் சந்தேகமே வைக்கமாட்டார். வெள்ளைச் சுவர், கண்ணாடி, தடுப்பில்லாத வெளி. "தடுப்பு வெச்ச எடத்துலதான் பயம் குடியேறும்" என்று அவர் சொல்லும்போது கடைசி பெஞ்சில் யாராவது கூடவே வாயசைப்பார்கள். அத்தனை தடவை சொல்லியிருந்தார்.

ஆனால் காலம் கேலிக் கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அவரோடு சேர்ந்து ஆபீஸ் தொடங்கிய கூட்டாளி அந்தப் பக்கம் தாவி, நீலமும் மஞ்சளுமாக வளைவு வளைவாகக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். இவர் ஆபீசில் வரைபவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோக, நாற்காலிகள்தான் மிச்சம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று தன்னைப் பற்றியே யாரோ சொன்னதாக இவர் காதுக்கும் வந்திருந்தது. இந்த நிலைமையில்தான் ஒரு பரிசுக்கான கடைசிச் சுற்றில் அக்காவின் வீடு இடம்பிடித்தது. புதுக் கட்டடத்துக்கு எல்லோரும்தான் பரிசு கொடுக்கிறார்கள். இது வேறு. கட்டி முடித்து, ஒரு குடும்பம் அதில் வாழ்ந்து, பிள்ளை வளர்ந்து பெரிதான பிறகும் முதலில் நினைத்தபடியே நிற்கிற வீட்டுக்குக் கொடுப்பது. நடுவர்கள் மறுநாள் காலை வருகிறார்கள். மாலை வெயில் தரையில் எப்படி விழுகிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் அவர் இப்போது வந்தார். கைபேசியை ஆபீசிலேயே மறந்து வைத்துவிட்டார். அதனால் வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லவில்லை.

இந்த வீட்டைக் கட்டியபோது அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எல்லாம் உன் இஷ்டம்டா. படுக்கிற எடத்துக்கு மட்டும் ஒரு கதவு வெச்சுக் குடு." அவர் பிளானை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு சிரித்தார். "கதவு எதுக்குக்கா? மறைக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?" அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிடா" என்றாள். தன் வாதத்தில் மயங்கிவிட்டாள் என்று அவர் வெளியே பெருமையடித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் காரணம் தெரியும். அவர்கள் வளர்ந்த வீட்டில் கனமான ஒரு தேக்குக் கதவு இருந்தது. அப்பாவுக்குக் கோபம் வந்தால் அம்மாவை அந்தக் கதவுக்குள் கூட்டிப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். வெளியே நிற்கும் தம்பியின் இரண்டு காதுகளையும் அக்கா உள்ளங்கையால் அழுத்திக்கொள்வாள். அவளுடைய காதுகளைப் பொத்த யாரும் இல்லை. தடுப்பில்லாத வெளியைப் பற்றி அவர் பின்னால் படித்ததெல்லாம் அந்தக் கதவின்மேல் இருந்த ஆத்திரத்துக்குக் கிடைத்த ஆதாரங்கள்தான். இதை எந்த வகுப்பிலும் அவர் சொன்னதில்லை. குளியலறைக்கு மட்டும் கதவு வைத்தார். அதற்கும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், கட்டட விதி விடவில்லை.

வீடு எழும்பிய வேகத்தில் ஒரு விருது வாங்கியது. மேடையில் அவர், "எங்க அக்கா வீட்டுல ஒளிவு மறைவே கிடையாது" என்று சொன்னபோது முதல் வரிசையில் அக்கா கைதட்டினாள். வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள், கட்டினவன் அதில் குடியிருந்து பார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கண்ணாடிக் கதவு ஓரமாகத் தள்ளித் திறந்தே கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பீரோக்களுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. அக்கா மகள் அடக்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அப்பாவத் தூக்கறப்ப எதிர்வீட்டு டெய்லர் தலைப்பக்கம் புடிக்கட்டும்மா. போன தடவ மாதிரி ஆயிடக் கூடாது."

"போன தடவ அந்தப் பத்திரிகைக்காரங்க சாயங்காலம் வரைக்கும் போட்டோ எடுத்துட்டே இருந்தாங்க. பாவம், இவரும் எவ்வளவு நேரம்தான் அடக்குவாரு. நாளைக்கு வர்றவங்க சீக்கிரம் போயிடுவாங்களாம். தம்பி சொன்னான்."

"டெய்லர் வீட்டு சோபாவ நனைச்சிட்டோம்னு அப்பா எத்தன நாள் சாப்பிடாம கெடந்தாரு, நெனவிருக்கா? திருப்பியும் அங்கேயே கொண்டுபோயி வெக்கணுமா?"

"ஒரு காலைப் பொழுதுதானேடி. தம்பிக்காக."

வெள்ளைச்சுவருக்கு அந்தப் பத்திரிகைக்காரர்கள் வந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அத்தான் எங்கே என்று கேட்டிருந்தார். பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று அக்கா சிரித்த முகமாகச் சொன்னாள். வெளிச்சம் போய்விடப் போகிறதே என்ற கவலையில் அவர் அதற்குமேல் கேட்கவில்லை. படம் பிடிப்பவரை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்து நிறுத்திவைத்ததே அவர்தான். எதிர்வீட்டு சோபாவில் அத்தான் உடம்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அது. பீரோவின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். அது நழுவியது.

பீரோவுக்குக் கீழே சக்கரங்கள் இருந்தன.

சத்தம் கேட்டு விரிப்பை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். கையில் பிளாஸ்டிக் வாளி. தம்பியைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது திருட்டு முழி. திருடியது தானில்லை என்றாலும் பிடிபட்டது அவள்தான் என்பதுபோல. வாளியைக் கீழே வைத்தாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், "வந்துட்டியாடா, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே பீரோவில் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தாள். சக்கரங்கள் கிரீச்சிட்டு உருண்டன. பீரோ பழகிய மாடு மாதிரி பக்கச் சுவரைப் பார்த்துப் போனது.

"விடுக்கா."

"போன் பண்ணலியேடா நீ."

"அக்கா, விடு."

அவள் நிறுத்தினாள். பாதி நகர்ந்த பீரோவின் இடைவெளியில் ஆஸ்பத்திரிக் கட்டிலும் அதில் படுத்திருந்த அத்தானும் தெரிந்தார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். அவர் விசில் அடித்தால் மைதானத்தின் மறுகோடியில் நிற்பவனுக்கும் முதுகு நிமிரும். பக்கவாதம் வந்த பிறகு ஒரு கையும் ஒரு காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இது வெள்ளைச்சுவருக்குத் தெரியாததல்ல. மாதம் தவறாமல் வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு சக்கர நாற்காலியில், மரத்தைப் பார்த்த பக்கம் உட்கார்ந்திருப்பார். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு காற்று, நோயாளிக்கு இதைவிட நல்ல வீடு அமையுமா என்று இவர் மனத்துக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு கிளம்பிப் போவார். இப்போது அத்தான் இடுப்புவரை இழுத்துவிட்ட போர்வையோடு கிடந்தார். மைத்துனனைப் பார்த்ததும் நல்ல கையால் போர்வையைக் கழுத்துவரை இழுக்கப் பார்த்தார். அது பாதியில் நின்றுவிட்டது. மகள் இழுத்து மூடினாள்.

"ஒக்காருங்க மாமா" என்றாள். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். யாரிடமும் பதறாமல் பேசிப் பழகிய குரல். "தெரிஞ்சிடுச்சுல்ல. இனிமே எதுக்கு மறைக்கணும். நீங்க போன் பண்ணி வெச்ச ஒடனே இங்க நாடகம் ஆரம்பிக்கும். நான் பீரோ, அம்மா கம்பியும் துணியும். டெய்லர் வந்து அப்பாவத் தூக்கி நாற்காலியில வெப்பாரு. கட்டில மடிச்சு சமையல் மேடைக்குப் பின்னால நிறுத்திடுவோம். உங்க கார் திரும்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். நீங்க போனப்புறம் திருப்பியும் எல்லாம் அதது எடத்துக்கு."

"எத்தன நாளா?"

"அப்பா விழுந்ததுலேருந்து இது. அதுக்கு முந்தி வேற மாதிரி." அவள் சிரித்தாள். "எனக்குப் பரீட்சைன்னா நான் எங்க படிப்பேன்னு நெனச்சீங்க? பாத்ரூம்லதான். வாளியக் கவுத்துப் போட்டு ஒக்காந்துக்குவேன். தாழ்ப்பாள் அங்க மட்டும்தானே இருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர்கள் மறைத்திருக்கிறார்கள், அதுவும் கண்ணாடி வீட்டில். வெள்ளைச்சுவர் பீரோவின் முதுகைத் தடவினார். பீரோவின் பின்பக்கத்துக்கு யாரும் சாயம் பூசுவதில்லை. இதில் பூசியிருந்தது. சுவருக்கு அடிக்கும் வெள்ளை. இரும்பில் ஒட்டாமல் அங்கங்கே செதிலாக உரிந்திருந்தது.

"தெருவுலேருந்து பாத்தா வெள்ளையா இருக்கட்டுமேன்னு நான்தான்டா அடிச்சேன்" என்றாள் அக்கா. "போறவங்க வர்றவங்க உன் வீட்ட ஒண்ணும் சொல்லிடக் கூடாதுல்ல."

"உன் வீடுக்கா இது."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"என்னன்னு சொல்றது? கதவு வேணாம்னு நீ ஏன் சொன்னேன்னு எனக்குத் தெரியாதா? அந்த வீட்டுக் கதவு முன்னாடி உன் காதப் பொத்திக்கிட்டு நின்னது நான்தானே. சரி, நம்ம வீட்டுல கதவே வேணாம்னு நானும்தான் நெனச்சேன்." இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டாள். "ஆனா தம்பி, மனுஷனுக்கு அழுறதுக்கு ஒரு எடம் வேணும்டா. அம்மா அந்தக் கதவுக்குள்ள அழுதா. நான் பாத்ரூம்ல அழுதேன். கொழாயத் தெறந்து விட்டுட்டு."

குற்றம் சாட்டும் குரலில் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். வகுப்பில் எத்தனை பேரின் எத்தனை கேள்விகளுக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்தவர். அவள் சும்மா, கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். அது அவரை அடித்துப் போட்டது. ஆனாலும் மனம் என்பது வெட்கங்கெட்ட பிராணி. அந்த நிமிஷத்திலேயே அதன் ஒரு மூலை, எந்தக் கோணத்தில் நின்றால் பீரோக்கள் தெரியாமல் வீட்டைக் காட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பின்பக்கத்து மரத்தடியிலிருந்து பார்த்தால் சமையல் மேடை மறைக்கும். அதைக் கண்டுபிடித்த பிறகுதான், என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. தன்மேல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

"நாளைக்கு எதையும் நகத்த வேணாம்" என்றார். "இப்படியே இருக்கட்டும். வந்து பாக்கட்டும்." சொன்னதும் நெஞ்சு லேசானது. அந்த லேசில் வாய் தானாக ஓடியது. "பாக்கப்போனா இதுல ஒண்ணும் தப்பில்லக்கா. தடுப்பில்லாத வெளின்னா என்ன, குடியிருக்கிறவங்க தேவைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிறதுக்கு எடம் குடுக்கிறதுதானே? நகர்ற தடுப்பு. இத நடுவர்களுக்கு எடுத்துச் சொன்னா..."

"மாமா" என்றாள் அக்கா மகள். "இதையும் உங்க டிசைன்ல சேத்துடாதீங்க."

அக்கா, "அவன விடுடி" என்று மகளை அதட்டினாள். "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதடா. நாங்க எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டோம். அவரு எதிர்வீட்டுல இருந்துக்குவாரு. பரிசு வரட்டும். உன் ஆபீஸ் நெலம எனக்குத் தெரியாதா?"

இத்தனை பேச்சிலும் கட்டிலில் கிடந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது வெள்ளைச்சுவருக்கு அப்போதுதான் பட்டது. போய்க் கட்டிலருகே குனிந்தார். "அத்தான், நீங்க சொல்லுங்க. எதிர்வீட்டுக்குப் போக இஷ்டமா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும், முடிவு தன் கையை விட்டுப் போய்விடும் என்ற ஆசை அந்தக் கேள்விக்குள் இருந்தது. அத்தானின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு அசைந்தது. ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து வைப்பதுபோல் வைத்தார்.

"போறேன்... தம்பி. உனக்கு... பரிசு... கெடைக்கட்டும்."

அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. நகர்த்தாதே என்று இன்னொரு தடவை அடித்துச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நாக்குப் புரட்டல் போதும். "காலைல வர்றேன், பாத்துக்கலாம்" என்றுதான் வந்தது. தெருவுக்கு வந்து காரில் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். தம்பி இன்னும் போகவில்லை என்று கண்டதும் கையை உயர்த்தி ஆட்டினாள். அவரும் ஆட்டினார். கோழை, கோழை என்று வீடுவரை தன்னைத் திட்டிக்கொண்டே போனார். திட்டுவது சுலபமாக இருந்தது.

காலையில் அவர் வந்து சேர்ந்தபோது எதிர்வீட்டு டெய்லர் கட்டிலுக்குப் பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். சக்கர நாற்காலி தயாராக இருந்தது. அத்தானுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தார்கள். வெள்ளைச்சுவர் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தார். டெய்லர் தோள்களுக்கு அடியில் கையைக் கொடுத்து, "ம், தூக்குங்க" என்றார். தூக்கிய வேகத்தில் அத்தானுக்கு வயிறு கலங்கிவிட்டது. அதற்கெல்லாம் நேரம் காலம் ஏது. விரிப்பு, வேட்டி, நாற்காலியின் இருக்கை எல்லாம் அசிங்கமாயின. அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கட்டிலிலேயே மறுபடி படுக்கவைத்தார்கள். மாற்று விரிப்பு துவைத்து இன்னும் காயாமல் பின்னால் தொங்கியது. அக்கா யோசிக்கவே இல்லை. கம்பியில் கிடந்த பூப்போட்ட விரிப்பை ஒரே இழுப்பில் உருவி அவருக்கு அடியில் போட்டாள்.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.

"ஐயோ, வந்துட்டாங்கடா" என்றாள் அக்கா. கையெல்லாம் அசிங்கத்தோடு அப்படியே திரும்பிப் பார்த்தாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. அதற்கு நேரே கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் தெரு. "பாத்ரூமுக்குள்ள கொண்டு போயிடலாம், புடிங்க, புடிங்க" என்று நாற்காலியை இழுத்தாள். மகள் அவள் கையைப் பிடித்தாள். "நாற்காலி அந்தக் கதவுல நுழையாதும்மா. தெரிஞ்சும் ஏன்மா." அந்தக் கதவின் அகலத்தைச் சிக்கனம் பார்த்துக் குறைத்தவர் பக்கத்திலேயே நின்றார். டெய்லர் என்ன செய்வதென்று தெரியாமல் நல்ல மனிதராக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் அந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜன்னல்தான்.

வெள்ளைச்சுவர் அந்த இடைவெளியில் போய் நின்றார். தெருவைப் பார்த்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். தயார் செய்த வாக்கியம் மறந்துபோயிருந்தது.

மூன்று நடுவர்களும் ஒரு படம் பிடிப்பவரும் உள்ளே வந்தார்கள். தலைமை நடுவர் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. பெரிய பெரிய கட்டடங்களைக் கட்டியவர், வெள்ளைச்சுவர் இளம் வயதில் அவர் பேச்சைக் கேட்க வரிசையில் நின்றிருக்கிறார். அந்த அம்மாள் மேலே பார்த்தார், தரையைப் பார்த்தார், நிதானமாக நாலு பக்கமும் திரும்பினார். பிறகு பீரோக்களுக்கு வந்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. காற்றில் இருந்தது அவருக்கும் எட்டியிருக்கும்.

"உள்ள எங்கயும் தடுப்பு கெடையாதுன்னு படிச்சமே" என்றார்.

"இருக்குங்க."

"பிளான்ல இல்லையே?"

"பிளான் தப்புங்க."

பின்னால் துணி பிழியும் சத்தம் கேட்டது. அக்கா மெல்லிய குரலில், "கொஞ்சம் திரும்புங்க, இந்தப் பக்கமா, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படம் பிடிப்பவர் கேமராவைக் கழுத்திலிருந்து எடுத்து, இடமும் வலமும் நகர்ந்து பார்த்தார். வெள்ளைச்சுவரும் கூடவே இடமும் வலமும் நகர்ந்தார்.

"நீங்க நிக்கிற எடத்துக்குப் பின்னாடி பாக்கலாமா?" என்று கேட்டார் தலைமை நடுவர்.

"கூடாதுங்க."

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றார். இளைய நடுவர் ஒருவர் ஏதோ சொல்ல வந்தார், அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். யாரும் போகவில்லை. அப்போது வெள்ளைச்சுவரின் முதுகில் ஏதோ தட்டுப்பட்டது. ஈரமான ஒரு கை. ஒருக்களித்துப் படுப்பதற்குப் பிடிமானம் தேடித் துழாவிய கை, அவர் சட்டையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டது. ஒரு காலத்தில் மைதானத்தில் கயிறு இழுத்த கை. கனத்த உடம்பு அந்தப் பிடியைக் கொண்டு மெல்ல மெல்லத் திரும்பியது. சட்டையின் கழுத்துப்பட்டி பின்னால் இழுபட்டுத் தொண்டையை இறுக்கியது. எதிரே நடுவர்கள் காத்திருந்தார்கள். அவர் கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டி ஊன்றிக்கொண்டார்.